ஜவாத்தின் நோன்பை முறித்த பாடம்

ஒரு பிள்ளையின் நோன்பை நான் முறித்திருக்கிறேன். தெரியாமல் அல்ல. அவன் சொன்னான்; நான் நம்பவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சிறுமி ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தாள். பிரசன்ட் கன்டினியூயஸ் டென்ஸ் விளங்கவில்லையாம். விரித்த பக்கத்தில் ஒரு பையன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு வா பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன். இத்தனை வருடமாகியும் அந்தப் படம் எனக்கு ஆகாது!

ஐம்பதுகளில் மாத்தளை டவுனில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவன். பயிற்சிக் கல்லூரியில் கற்ற முறையும் கூடவே வந்திருந்தது: இந்த டென்ஸைக் கரும்பலகையில் எழுதி விளங்கவைக்க முடியாது. செய்ய வேண்டும், செய்யும்போதே சொல்ல வேண்டும். கதவைத் திறந்துகொண்டே 'ஐ ஆம் ஓப்பனிங் த டோர்'. நடந்துகொண்டே 'ஐ ஆம் வோக்கிங்'. வகுப்பு நாடகக் கொட்டகை மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஆனால், தண்ணீர் குடிப்பவன் எப்படிப் பேசுவான்? அதற்கும் வழி வைத்திருந்தேன். ஒருவன் குடிப்பான்; மற்றவர்கள் சேர்ந்து 'ஹீ இஸ் டிரிங்கிங் வாட்டர்' என்பார்கள். அவர்கள் முடிக்கும்வரை அவன் கிளாஸை இறக்கக் கூடாது.

அது நோன்பு மாதம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு லீவு, எங்களுடையதற்கு இல்லை. பின்வரிசையில் ஜவாத் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். மிளகும் கொக்கோவும் வாங்கும் கடைக்காரரின் மகன். பதினொரு வயது இருக்கலாம். தூங்குகிறவனைத்தானே ஆசிரியரின் கண் தேடும்? கிளாஸை நீட்டினேன்.

"சேர், நான் நோம்பு."

காலையில் நோன்பு, இன்டர்வலில் கடலை... அப்படிப்பட்ட நோன்பாளிகளை நான் நிறையப் பார்த்திருந்தேன்.

"இந்த வயதிலை உனக்கென்ன நோன்பு? நடியாதை. குடி!"

முன்வரிசையில் செல்வராஜ் எழுந்தான். இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வருகிற பையன். "நெசமாத்தாங்க சேர். எச்சியக்கூட முழுங்காம துப்பிக்கிட்டே திரியிறான்."

வகுப்பு சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பதாக எனக்குப் பட்டது. மேசையிலிருந்த பிரம்பை எடுத்தேன்.

ஜவாத் குடித்தான். வகுப்பு சொன்னது. சத்தம் போதாதென்று இன்னொரு தடவை சொல்லவைத்தேன். கிளாஸ் காலியானது.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவனுடைய வாப்பாவின் கடைக்குப் போனேன்.

"இரிங்க சேர்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

"அவனுக்கு இன்னம் கடமையான வயசில்ல சேர். நானும் வாணாம்னுதான் சென்னேன். முப்பதையும் புடிப்பேன்னு நின்னான். அன்னைக்கு நோம்பு தொறக்கக் கூப்பிட்டா வரல்ல. 'நான் நோம்பாளி இல்ல'ன்னு செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான்."

ஜவாத் மிளகுச் சாக்குகளுக்குப் பின்னால் நின்றான். "நான் செய்தது பிழை, ஜவாத்" என்றேன். அவன் ஒரு சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினான். வாப்பாதான் சொன்னார்: பெருநாள் முடிந்ததும் விட்டுப்போன நோன்பைப் பிடிக்கப் போகிறானாம். தனியாக... ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

"அண்டைக்கு நானும் பிடிக்கிறன்" என்றேன்.

வாப்பா சிரித்துவிட்டார். "நீங்களா? பிளேன்டீ இல்லாட்டி உங்களுக்குக் கை நடுங்கும்னு டவுனுக்கே தெரியுமே சேர்!"

அடுத்த கிழமை ஜவாத் பாடசாலைக்கு வந்தான். என்னோடு பேசவில்லை.

பெருநாள் கழிந்தது. சொன்னபடி நானும் நோன்பு பிடித்தேன். இன்டர்வலில் ஜவாத் விளையாடப் போகவில்லை. ஆசிரியர் அறை வாசலிலேயே காவல் நின்றான். கடைசிப் பாடத்தில் என் தொண்டையெல்லாம் சோக்குத் தூள். பேசிக்கொண்டே என் கை தானாகத் தண்ணீர்க் கிளாஸை எடுத்தது.

"சேர்!"

பின்வரிசையிலிருந்து அப்படியொரு கத்தல். கிளாஸை வைத்தேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன். ஜவாத்தும்.

அன்று மாலை அவர்கள் வீட்டில், பாயில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஜவாத் பேரீச்சம்பழத் தட்டை முதலில் என் பக்கம் தள்ளினான். அவனுடைய உம்மா அனுப்பிய கஞ்சியை வெட்கமில்லாமல் இரண்டு கோப்பை குடித்தேன்.

நான் முறித்ததற்கு அது ஈடாகுமா? எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டதாக அவன் ஒருநாளும் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

அடுத்த வருடம், பிறை தெரிவதற்கு முன்பே, நான் தங்கியிருந்த போர்டிங் வாசலில் வந்து நின்றான்.

"சேர், இந்த வருசம் எத்தன நோம்பு?"

"ஒண்டு" என்றேன்.

வியாபாரியின் மகன் அல்லவா? மூன்றுக்குக் குறைய மாட்டேன் என்றுவிட்டான்!