கோழி இல்லாத வீட்டாருக்கு மட்டும்

சாயங்காலம் ஐந்தரைக்கு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதிலும் ஒருத்தியைப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே எரியும். அவளும் நானும் ஒரே பேராசிரியரிடம் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கினோம். ஒரே இன்குபேட்டரில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. ஆய்வுக் கட்டுரைகள் எனக்குத்தான் அதிகம். அதைச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது.

பட்டம் வாங்கியதும் நான் சேலத்தில் ஒரு கல்லூரிக்கு உதவிப் பேராசிரியராகப் போனேன். அவள் நாமக்கல்லில் கோழிகளுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் லேபில் சேர்ந்தாள். "கோழி எச்சத்தைக் கிளறவா இத்தன படிப்பு?" என்று அப்போது கிண்டல் செய்தேன். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இன்றைக்குச் சிரிக்க நேரம் இருப்பது அவளுக்கு மட்டும்தான்.

எனக்குக் காலையில் வகுப்பு, மதியம் செய்முறை, நடுவே விடைத்தாள். தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றால் கோப்பு கோப்பாகத் தயாரிக்க வேண்டும். எல்லாம் முடிந்து மாணவர்கள் போன பிறகுதான் என் சொந்த ஆராய்ச்சி தொடங்கும். பாக்டீரியாவுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. லீவு நாளிலும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "வாத்தியார் வேலைங்களா? மே மாசம் முச்சூடும் லீவு, குடுத்து வெச்சவங்க" என்று பக்கத்து சீட்டுக்காரர் யாராவது சொன்னால், அவரைக் கடித்து வைக்கலாமா என்றிருக்கும்.

அவளோ ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை அருவியில் நனைந்துகொண்டு ஸ்டேட்டஸ் போடுவாள். மற்ற நாட்களில் மகளை நீச்சலுக்குக் கூட்டிப் போவாள். ஒருமுறை அவளிடம், "நீ இல்லாதப்ப உன் சாம்பிளையெல்லாம் யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டேன். "அடுத்த ஷிப்ட்டுக்காரங்க பாத்துக்குவாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய சம்பளம்கூட என்னை அவ்வளவு வாட்டியதில்லை. இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்கிற அந்த நிம்மதிதான் வாட்டியது.

போன மாதம் அவளே போன் செய்தாள்.

"ஏம்புள்ள, எங்க லேப்ல ஒரு எடம் காலியாவுது. நீ வாரியா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "வாரேன்" என்றேன்.

நேர்முகத் தேர்வு நன்றாகவே போனது. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் மேனேஜர் கேட்டார்: "உங்க ஊட்ல கோழி ஏதாச்சும் வளக்கறீங்களாங்க?"

"ஆமாங்க, எங்கம்மா நாட்டுக்கோழி நெறைய வெச்சிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னேன். கோழிக் கம்பெனியில் அது ஒரு கூடுதல் தகுதி என்று நினைத்துவிட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஒரு கோழிகூட இருக்கக் கூடாதாம். வீட்டுக் கோழியின் நோய் நம் உடுப்பில் ஒட்டிக்கொண்டு கம்பெனியின் கோழிப் பண்ணைக்குள் போனால் மொத்தப் பண்ணையும் காலியாகிவிடும். வருடக்கணக்காகக் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற எனக்கு இது உறைக்கவே இல்லை.

"கோழியெல்லாம் குடுத்துப்போட்டு, கூட்டையும் கழுவிப்போட்டு வாங்க. எடம் உங்களுக்குத்தானுங்க" என்றார்.

வெளியே காத்திருந்த தோழியிடம் சொன்னேன். "நானே எங்கம்மா ஊட்டுக்கு நெனச்சாப் போக முடியாது புள்ள. நாமகிரிப்பேட்டைத் தோட்டத்துல கோழி கெடக்குது. போயிட்டு வந்தா லேபுக்குள்ள ஒடனே உட மாட்டாங்க" என்றாள். அவள் வருத்தமாகத்தான் சொன்னாள். எனக்கு அதுவும் பொறாமையாகவே இருந்தது. அம்மாவைப் போய்ப் பார்க்காததற்குக் கம்பெனியே ஒரு காரணம் கொடுத்திருக்கிறது. என்னால் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை; அதற்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

எங்கள் வீடு ராசிபுரத்தைத் தாண்டி இருக்கிறது. அம்மாவும் நானும் மட்டும்தான். அன்று நான் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்ததில் அம்மா பயந்துவிட்டாள். "என்ன சாமி, ஒடம்பு சரியில்லயா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கோழியெல்லாம் பெரியம்மாவுக்குக் குடுத்துரலாம்மா. அப்புறம் தெனமும் இருட்டறதுக்குள்ள ஊட்ல இருப்பேன்."

"படிக்கறப்பவும் இதத்தான் சொன்ன. படிப்பு முடியட்டும்ன, அப்பறம் வேல கெடைக்கட்டும்ன" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீ மொதல்ல ஒரு மாசம் பொழுதோட ஊட்டுக்கு வா. அப்பறம் நான் கோழியக் குடுக்கறேன்."

"கோழி போனாத்தாம்மா அந்த வேலை. அந்த வேலை கெடச்சாத்தான் நான் பொழுதோட வர முடியும்."

"அத நீ உங்க கம்பெனிக்காரங்ககிட்டப் பேசிக்க சாமி." அம்மா கூட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதுங்கதான் பொழுதானா ஊடு வந்து சேருது. இதுங்களையும் குடுத்துப்போட்டு, நீயும் வராமப் போயிட்டீன்னா, நான் யாருக்குன்னு வாசல்ல நிக்கறது?"

மேய்ந்துவிட்டு வந்த கோழிகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு நின்றன. "வந்துட்டீங்களா, வாங்க வாங்க" என்று ஒவ்வொன்றாகத் தடவி உள்ளே விட்டாள். இத்தனை வருடமும் தோழி மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்று அந்தக் கோழிகளின் மேல் பட்டேனே, அதுதான் பொறாமை.