கோவிந்தராஜன் திருத்திய வரி

உங்களைப் பற்றி அரசாங்கம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று என்றைக்காவது வரி விடாமல் படித்துப் பார்த்திருக்கிறீர்களா?

கோவிந்தராஜன் படித்துக்கொண்டிருக்கிறார். தன்னுடையதை அல்ல, ஊரில் உள்ளவர்களுடையதை. பெங்களூரு அல்சூரில் க்ளென் என்பவர் நடத்தும் ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு குட்டி மேசையும் கிடக்கும். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு அங்கே வந்து உட்காருவார். பையிலிருந்து ஓரடி எவர்சில்வர் ஸ்கேலை எடுத்துத் தாளின் கடைசி வரிக்கு அடியில் வைப்பார். அந்த வரியைப் படித்ததும் ஸ்கேலை ஒரு வரி மேலே தள்ளுவார். எதையும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். "மேலேருந்து படிச்சா மனசு தானா கதை கட்டிக்கும். கீழேருந்து வந்தா கதை இருக்காது, எழுத்துதான் இருக்கும்" என்பார். அந்த ஸ்கேலை வேறு யாரும் தொடக்கூடாது.

வயது அறுபத்து நான்கு. ஒரு ரெஜிமென்டின் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைப் பயிற்சியில் தொட்டதோடு சரி. மீதிக் காலமெல்லாம் பேனா. இப்போது முன்னாள் ராணுவத்தினரின் ஆவணங்களில் உள்ள பிழைகளைத் திருத்த மனு எழுதிக் கொடுக்கிறார். ஒருவருக்குப் பிறந்த ஆண்டு தவறாக இருக்கும், ஒருவருக்கு மனைவியின் பெயரே இருக்காது, ஒருவர் பனியில் இரண்டு வருடம் நின்றதற்கான பதக்கம் ஏட்டில் ஏறியிருக்காது. எல்லாவற்றுக்கும் கோவிந்தராஜனிடம் ஒரு மாதிரி மனு உண்டு. கூலியாக ஒரு டீ மட்டும் வாங்கிக்கொள்வார்.

திருத்துவது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, நோய் என்றும் சொல்லலாம். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கண்டால் நின்று, இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்ப்பார். வயது ஒத்துவராவிட்டால் கீழே உள்ள எண்ணுக்குப் போன் செய்துவிடுவார். துக்க வீட்டார் ஒருமுறை வாயில் வந்தபடி திட்டினார்கள். "திட்டட்டும். அந்த மனுஷன் ரெண்டு வருஷம் அதிகமா வாழ்ந்திருக்காரு. அத எதுக்கு விடணும்?" என்றார்.

அவருக்கு அடிக்கடி சொல்லும் வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, "பேப்பர்ல இல்லாதது பூமியில இல்ல." மற்றொன்று, "என் கையால போட்ட என்ட்ரி ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல."

இரண்டாவதைக் கேட்கும்போதெல்லாம் க்ளென் மெஷினை நிறுத்தாமலே சொல்வார்: "எப்படி வரும் சாப்? இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்குத் தப்பு நடக்காது. தப்பு நடந்தவனுக்கு இங்கிலீஷ் தெரியாது."

கோவிந்தராஜன் சிரிப்பார். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை வரை சிரித்தார்.

அன்று வந்தவர்கள் முனிகிருஷ்ணனும் அவர் மனைவி சரசுவும். முனிகிருஷ்ணன் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்டின் அடித்தளத்தில் இஸ்திரி போடுகிறவர். முன்பு ராணுவத்திலும் அதே வேலைதான். 'வாஷர்மேன்' என்று பதிவு. அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை. ராணுவத்தில் சாதி கிடையாது என்று நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் 'தொழில்' என்று ஒரு கட்டம் மட்டும் உண்டு.

எதிரே இருப்பவர் சுபேதார் என்று தெரிந்ததும் முனிகிருஷ்ணன் குதிகாலைச் சேர்த்து நின்றுவிட்டார். இருந்த ஒரே நாற்காலியில் கோவிந்தராஜன் உட்கார்ந்திருந்தார். பேசியதெல்லாம் சரசுதான்.

"மெடல் கேக்கறதுக்கு வரல சாப், மொதல்ல அதச் சொல்லிடறேன். இந்த ஆளப் பொய்யன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு வந்தேன்."

"யாரும்மா சொன்னது?"

"யாரும் வாய்விட்டுச் சொல்லல, சிரிச்சாங்க. கார்கில் நாளுக்கு அபார்ட்மென்ட்ல ஸ்டேஜ் போட்டாங்க. ஷ்ரேயாஸ்னு செக்ரட்டரி. நல்ல புள்ளதான், கொற சொல்லக்கூடாது. இவருக்குச் சால்வை போடறேன், பாம் பட்ட கதைய மைக்ல சொல்லணும், உங்க மிலிட்டரி டிஸ்சார்ஜ் புக்கு குடுங்கன்னாரு. குடுத்தோம். படிச்சிகினே வந்தவரு டக்குனு நின்னுட்டாரு. 'அங்கிள், இதுல பாம் இல்லியே, அயன் பாக்ஸ்தானே இருக்கு'ன்னாரு. மைக்கு ஆன்லயே இருந்திச்சு."

மைக் வேலை செய்தது; முன்னூறு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து லிஃப்ட் அருகில் பிள்ளைகள் முனிகிருஷ்ணனுக்கு சல்யூட் வைத்து, 'அயன் பாக்ஸ் சோல்ஜர்' என்று கூப்பிடுகின்றன.

புத்தகத்தில் இருந்தது இதுதான்: இஸ்திரி போடும்போது கரிப்பெட்டி கவிழ்ந்து முதுகில் காயம், முகாம் விபத்து. அந்தப் புத்தகத்தை முனிகிருஷ்ணன் இத்தனை ஆண்டுகளும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "நல்லதத்தான் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன் சாப்" என்றார். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"காயம் எங்கப்பா?"

"யோவ், சட்டையத் தூக்கு" என்றாள் சரசு.

தூக்கினார். இடது தோளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை தோல் சுருங்கி, இடையிடையே விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள்.

"நீங்களே சொல்லுங்க சாப். துணிய மேசை மேல போட்டு இஸ்திரி போடுவாங்களா, முதுகு மேல போட்டா?"

க்ளென் சிரிக்க வாயெடுத்து, அந்த முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். சரசு விடவில்லை. பையிலிருந்து ஓர் எக்ஸ்ரேயை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். போன வருடம் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது, உள்ளே இரும்பு இருக்கிறது, இந்த மெஷினில் படுக்க வைக்கக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். விலா எலும்புகளுக்கு நடுவில் அரிசி போல மூன்று வெள்ளைத் துணுக்குகள்.

"கரி எரிஞ்சா சாம்பலாகும். இரும்பு எங்கேருந்து சாப் வரும்?"

ஏழாவது வரை படித்த ஒரு பெண் கேட்ட கேள்வி இது. அந்தப் பதிவுத் தாள் மருத்துவர்களின் மேசையைக் கடந்திருக்கிறது, அதிகாரிகளின் மேசையைக் கடந்திருக்கிறது, கால் நூற்றாண்டைக் கடந்திருக்கிறது. ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தொழில் கட்டத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் விடை தெரிந்துவிட்டது.

"கார்கில்ல என்ன நடந்திச்சு?" என்று கோவிந்தராஜன் முனிகிருஷ்ணனைக் கேட்டார்.

"ஆளு பத்தல சாப். கையிருக்கறவன் எல்லாம் தூக்குன்னு கேப்டன் சாப் ஹுகும் குடுத்தாரு. அடிபட்டவர ஸ்ட்ரெச்சர்ல எறக்கினோம். பின்பக்கம் நான் புடிச்சிருந்தேன். ஷெல்லு எனக்குப் பின்னால விழுந்திச்சு. கூட ரெண்டு பேருக்கு அடி. அவங்களுக்குக் காயப் பதக்கம் வந்திச்சு. எனக்கு வரல."

"ஏன் வரலன்னு கேக்கலியா?"

"நம்ம மாதிரி ஆளுக்கெல்லாம் கேப்டன் எழுதி அனுப்பியிருக்க மாட்டாருன்னு விட்டுட்டேன்."

சரசு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதினான்கு நகல்களை மேசைமேல் வைத்தாள். கோவிந்தராஜன் வழக்கம்போலக் கடைசித் தாளின் கடைசி வரிக்கு ஸ்கேலைக் கொடுத்தார். ஓய்வு, இடமாற்றம், விடுமுறை என்று காலம் பின்னோக்கி ஏறியது. நான்காம் தாளின் நடுவில் ஸ்கேல் நின்றது.

ஜூன் 17, 1999. இஸ்திரி போடும்போது. கையால் எழுதிய பதிவு. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. வரியின் முடிவில் சின்னதாக ஒரு கையொப்பம், அதன்கீழ் இரண்டு புள்ளிகள். அந்த அலுவலகத்தில் ஏழுக்கு இடுப்புக் கோடு போடுகிறவர் ஒருவர்தான் இருந்தார். கையொப்பத்துக்கு இரண்டு புள்ளி வைக்கிறவரும் அவர்தான்.

"என்ன சாப், தப்பு மாட்டிச்சா?" என்று க்ளென் கேட்டார்.

கோவிந்தராஜன் அந்த இரண்டு புள்ளிகளையும் விரலால் மறைத்தார். மனம் வேகமாக ஓடியது. எழுத்தர் சொந்தமாக எதையும் எழுதுவதில்லை. களத்திலிருந்து வந்த கம்பியில்லாச் செய்தியைப் பார்த்துத்தான் எழுதுவார். செய்தியே அப்படி வந்திருக்கும். அவசரமாக மூன்றாம் தாளைப் புரட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாளை மேலிருந்து கீழாகப் படித்தார்.

செய்தியில் மூன்று பெயர்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே காரணம்: எதிரியின் பீரங்கிக் குண்டு, காலை ஐந்து நாற்பது. அனுப்பியவர் அந்தக் கேப்டன். மூன்றாவது பெயர்மீது ஸ்கேல் வைத்து இழுத்த நேர்த்தியான கோடு. ஓரத்தில் அதே கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'தொழிலைக் கவனிக்க. முன்னணியில் இருந்திருக்க வாய்ப்பில்லை. பிழை திருத்தப்பட்டது.'

யாரும் அவரை அப்படி எழுதச் சொல்லவில்லை. லஞ்சம் இல்லை, பகை இல்லை, முனிகிருஷ்ணன் யாரென்றே தெரியாது. அன்றைக்கு நாற்பது செய்திகள் வந்திருந்தன. அவற்றில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனது அவருக்கு நினைவு வந்தது. "நமக்குச் சாதி கீதி எல்லாம் கெடையாது" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நம்பித்தான் சொன்னார்.

சரசு நின்றபடியே பேசிக்கொண்டிருந்தாள். "எவன் எழுதினான்னு மட்டும் தெரிஞ்சா போதும் சாப். அவன் கை வெளங்குமா? அந்தக் கையால சோறு தின்னா செரிக்குமா?"

"விடு சரசு. செத்துகூடப் போயிருப்பான்" என்றார் முனிகிருஷ்ணன்.

"சாகல" என்றார் கோவிந்தராஜன்.

பேனாவை எடுத்தார். மனு ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் இருவருக்கும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பிழைக்கான காரணம் என்ற இடத்துக்கு வந்தார். அங்கேயும் நிறுத்தவில்லை. "இந்தப் பதிவைப் போட்டவர் அப்போது ஹவில்தார் எழுத்தராக இருந்த கோவிந்தராஜன், அதாவது இந்த மனுவை எழுதும் நான். செய்தி சரியாகவே வந்தது. காயம்பட்டவரின் தொழிலைப் பார்த்து, என் ஊகத்தில் மாற்றினேன்."

மெஷின் நின்றிருந்தது. க்ளென் நிறுத்தியிருந்தார்.

சரசு கை ஓங்கவில்லை. அழவும் இல்லை. சற்று முன் சபித்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனிகிருஷ்ணன் கேட்டது வேறு.

"அப்போ கேப்டன் சாப் என் பேர எழுதி அனுப்பினாரா?"

"மூணாவது பேரு உங்களுதுதான்."

"வருஷா வருஷம் ஜூன்ல போன் போடுவாரு சாப். நான் எடுக்கறதில்ல. அவரத்தான் இத்தன வருஷமா திட்டிகினு இருந்தேன்." அவர் முகம், பார்க்கச் சகிக்காதபடி ஆகிவிட்டது. "ஒருதடவ வீடு தேடி வந்தாரு. இல்லன்னு சொல்லுன்னு இவளண்ட சொல்லிட்டு உள்ள குந்திகினேன்."

"அவர் சாட்சி இல்லாம இந்த மனு நிக்காது" என்றார் கோவிந்தராஜன். "நீங்கதான் கூப்பிடணும்."

சரசு புருஷனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். பிறகு கோவிந்தராஜனிடம் திரும்பினாள். "நீ எழுதின லட்டரு இது. நாளைக்கு நான் எழுதலன்னு சொல்லிட்டீன்னா?"

அவள் அவரை நீ என்றதை யாரும் திருத்தவில்லை.

கோவிந்தராஜன் எழுந்தார். நாற்காலியை முனிகிருஷ்ணன் பக்கம் தள்ளினார். முனிகிருஷ்ணன் உட்காரவில்லை, கடை வாசலில் போய் நின்று, போனைக் காதில் வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி காலியாகக் கிடந்தது. கோவிந்தராஜன் மேசைமேல் குனிந்து, ஒரு வெள்ளைத் தாளில் 'ஒப்பிட்டுப் பார்க்கக் கையெழுத்து மாதிரி' என்று தலைப்பிட்டார். அந்த ஜூன் தேதியை எழுதி, ஏழின் இடுப்பில் கோடு போட்டார். பிறகு அன்று எழுதிய அதே பொய்யை, ஒரு சொல் மாறாமல், மறுபடி எழுத ஆரம்பித்தார். கோணாமல் இருக்கத் தாளின்மேல் ஸ்கேலைச் சரசு பிடித்திருந்தாள். மூன்று முறை எழுதச் சொன்னாள். எழுதினார்.

மனு போயிருக்கிறது, பதில் வரவில்லை. கேப்டனின் சாட்சிக் கடிதம் மட்டும் மூன்றே நாளில் வந்துவிட்டது. கோவிந்தராஜன் இப்போது தினமும் கடைக்கு வருகிறார். அந்த ஜூன் மாதத்தில் தான் 'திருத்திய' பெயர்கள் இன்னும் இருக்கின்றன என்கிறார். ஒரு சமையற்காரர், ஒரு முடிதிருத்துபவர். முகம் தெரியாது, ஊர் தெரியாது. கோடு இழுத்தது மட்டும் கைக்கு நினைவிருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், ராணுவத்தில் சமைத்தவர், சிரைத்தவர், துவைத்தவர், பெருக்கியவர் யாராவது இருந்தால், அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்து, காயம் என்ற வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அதில் அடுப்பு, கத்தி, கரிப்பெட்டி, துடைப்பம் என்று ஏதாவது எழுதியிருந்தால், அவர் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவரைக் க்ளென் கடைக்குக் கூட்டி வாருங்கள். நாற்காலி காலியாக இருக்கிறது.