அங்கம்மா அடைத்த வாய்க்கால்

1. யாருடைய வேலை

பிள்ளைகளே, மலாயாவில் கிள்ளான் பக்கம் வடிகால் வேலையில் நான் மண்டோராக இருந்த காலத்தில் நடந்தது இது. மண்டோர் என்றால் பத்துப் பன்னிரண்டு ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன். அப்போது ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். போக மாட்டோம் என்று நின்றவர்களில் சில குடும்பங்களுக்குக் கடலோரத்துச் சதுப்பில் நிலம் கிடைத்தது. ஒரு வருஷத்து லைசென்ஸ்தான். நிலத்தைப் பண்படுத்தி, வாய்க்காலைச் சுத்தமாக வைத்திருந்தால் மறுபடி கொடுப்பார்கள். இல்லையென்றால் கப்பல்தான்.

அந்தக் குடியிருப்புக்குப் பிளான் போட்டவர் யாழ்ப்பாணத்துக்காரரான சர்வேயர் ஐயா. குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், நடுவில் பாதை, கிணறு, பிற்காலத்தில் பள்ளிக்கூடம் கட்ட ஓர் இடம். ஒவ்வொரு துண்டிலிருந்தும் தண்ணீர் பெரிய வாய்க்காலில் விழுந்து, கடைசியில் உள்ள மதகு வழியாகக் கடலுக்குப் போகும். பிளானில் ஒரு குறையும் இல்லை. வாய்க்காலை என் ஆட்கள்தான் வெட்டினார்கள். அதன்பிறகு அதைப் பார்த்துக்கொள்வது குடியேறியவர்களின் பொறுப்பு.

சில மாதங்களிலேயே வாய்க்காலில் புல் மண்டிவிட்டது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவரவர் நிலத்தை வீட்டுக்கூடம்போல் வைத்திருந்தார்கள். பொதுவாய்க்காலில் மட்டும் யாரும் இறங்கவில்லை. மேல்கோடியில் இருந்த வீராசாமியிடம் கேட்டேன்.

"அது கவர்மெண்ட் வாய்க்கால் மண்டோரண்ணே. பெரட்டு இல்ல, பேர் போட கங்காணி இல்ல. பேர் விழாத வேலைய எவன் செய்வான்?"

தோட்டத்தில் விடிவதற்குள் தகரம் தட்டுகிற சத்தத்துக்கு எழுந்து, பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கங்காணியின் கணக்கில் பேர் விழுந்த பிறகே வேலைக்குப் போய்ப் பழகியவர்கள் அவர்கள். இங்கும் அப்படித் தகரத்தைத் தட்டி ஆள் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

"அந்தச் சத்தம் காதுல விழக் கூடாதுன்னுதானே இங்க வந்து கொசுக்கடி படுறோம்!" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

2. கீழ்க்கோடி

மதகை ஒட்டிக் கடைசித் துண்டு அங்கம்மாவுடையது. புருஷன் தோட்டத்திலேயே காய்ச்சலில் செத்துப்போனான். இரண்டு பெண் குழந்தைகள். அவள் பிறந்ததே இந்த நாட்டில். கப்பலேறினால் போய் இறங்க அவளுக்கு அங்கே ஒரு வாசல் கிடையாது.

மேலே உள்ளவர்களின் தண்ணீரெல்லாம் மெல்ல ஊர்ந்து வந்து, புல்லில் சிக்கி, அவளுடைய மரவள்ளியில் ஏறி நின்றது. கிழங்கு அழுக ஆரம்பித்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "செய்வோம்லா தங்கச்சி" என்றார்கள். யாரும் வரவில்லை.

ஒரு நாள் பகலில், எல்லாரும் பார்க்க, தன் நிலத்தின் மேல் எல்லையில் வாய்க்காலுக்குள் இறங்கிக் கம்புகளை நட்டாள். களிமண்ணை வெட்டிப் போட்டு வாய்க்காலையே அடைத்துவிட்டாள்.

3. சர்வேயர் ஐயா வந்தார்

மறுநாள் காலை நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். மேலே எல்லாருடைய நிலத்திலும் தண்ணீர். வீராசாமியின் மிளகாய்ச் செடிகள் நுனி மட்டும் தெரிந்தன. அங்கம்மாவைச் சுற்றிக் கூட்டம்.

"ஏம்மா, எங்க குடியைக் கெடுக்கவா வந்தே?"

"உங்க தண்ணி அண்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும்னு விட்டேன்."

"வாயப் பாரு! எடுடி மண்ண!"

"நீங்க இறங்கினா நானும் எடுக்கிறேன்."

அந்த நேரத்தில் சர்வேயர் ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். லைசென்ஸ் புதுப்பிக்க நிலங்களைப் பார்க்கும் நாள் அது. அணையைப் பார்த்தவுடன் அவர் முகம் மாறிவிட்டது. அரசாங்க வாய்க்காலை அடைத்தவருக்கு நிலம் போய்விடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஆர் இதை அடைச்சது?"

 அங்கம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னே வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் வீராசாமி குறுக்கே வந்து நின்றார்.

"நாங்கதான்யா. எல்லாருமாச் சேர்ந்து அடைச்சோம். தண்ணிய நிறுத்தாம கீழ எப்படித் தூர் வார்றது?"

சர்வேயர் ஐயா அவரையும் பார்த்தார், சேறு படாத அவருடைய கால்களையும் பார்த்தார். பிறகு சைக்கிளை ஒரு தென்னையில் சாய்த்தார்.

"நல்லது. அப்ப வாருங்கோ. நான் நிண்டு பாக்கிறன்."

வீராசாமிதான் முதலில் இறங்கினார். பின்னால் மற்றவர்கள். பெண்கள் புல்லை வாரிக் கரையில் போட்டார்கள். என் ஆட்களும் இறங்கினார்கள். மதகு வரை சுத்தமானதும், கடல் வற்றும் நேரம் பார்த்து, "நீயே வெட்டு தங்கச்சி" என்றார் வீராசாமி. அவள் மண்ணை வெட்டிவிட்டாள். தண்ணீர் பெரும் சத்தத்தோடு போனது.

மிளகாய் பிழைக்கவில்லை. மரவள்ளி பாதிதான் தேறியது. ஆனால் லைசென்ஸ் எல்லாருக்கும் கிடைத்தது. பிறகு தகரமும் இல்லாமல் கங்காணியும் இல்லாமல், வீட்டுக்கு ஓர் ஆள் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். என்றைக்கு இறங்குவது என்று சொல்லும் உரிமையை அங்கம்மாவிடம் விட்டார்கள். தண்ணீர் முதலில் தெரிவது அவளுக்குத்தானே.

அதற்குப் பிறகு பல குடியிருப்புகளில் வேலை பார்த்தேன். புது இடத்துக்குப் போனால் பிளானை விரிப்பதற்கு முன்பே கீழ்க்கோடி வீட்டுக்குப் போய், "உங்க பக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்பேன். நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் அந்த வீடு எது என்று முதலில் விசாரியுங்கள்.