சம்பந்தி கட்டிய நாடா

என் பழைய குளிர்ச் சட்டையின் உள்பையில் ஒரு துண்டு நாடா கிடக்கிறது. தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம், பிளாஸ்ரிக். வீதி அளப்பவர்கள் தடிகளில் கட்டுவார்களே, அந்த வகை. சட்டை பல தடவை சலவைக்குப் போய் வந்தும் அதன் நிறம் மங்கவில்லை. மங்கியிருந்தால் எப்போதோ எறிந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அது உண்மையல்ல.

அந்த நாடாவைக் கட்டியவர் என் சம்பந்தி, மருமகளின் தகப்பன். தொண்ணூறுகளின் நடுவில் பிள்ளைகள் எங்களை ஸ்பொன்சர் செய்து ரொறன்ரோவுக்கு அழைத்தார்கள். ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் அவர் நாலாம் மாடி, நான் ஒன்பதாம் மாடி. ஊரில் அவர் தபாலதிபராக இருந்தவர், நான் அரசாங்கக் கச்சேரியில் கணக்கு உத்தியோகம் பார்த்தவன். இங்கே எனக்கு எண்ணுவதற்கு வேறொன்றும் கிடைக்காததால், பல்கனியில் இருந்து பஸ்களை எண்ணினேன். எது பிந்தி வந்தது, எது வராமலே விட்டது என்று மாலையில் மகனிடம் முறையிடுவேன். சம்பந்தி அதே பஸ்ஸில் ஏறி, எங்கே போகிறது என்று பார்க்கப் போய்விடுவார். அப்படிப் போன ஒரு நாளில்தான் கால்வாயைக் கண்டார்.

டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அந்தக் காலத்து மாவாலை ஒன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய கால்வாய் அது. ஆலை போய்விட்டது, அதன் கல் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. கால்வாயைச் சேறும் குப்பையும் மூடிவிட்டன. சனிக்கிழமைகளில் சிலர் கூடி, சம்பளமில்லாமல் அதைத் தோண்டித் துப்புரவாக்கினார்கள். ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார அம்மா அவர்களை நடத்தினார். அவர் ஆசிரியையல்ல, ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர் என்று தெரிந்த பிறகும் சம்பந்தி அவரை ‘ரீச்சர்’ என்றே சொல்வார். இரண்டு கோடைக்காலம் சம்பந்தி அங்கே டயர்களும் கடைத் தள்ளுவண்டிகளும் இழுத்தார். பிறகு நடைபாலத்தில் இருந்து வளைவு வரைக்கும் உள்ள துண்டை ரீச்சர் இவருடைய பொறுப்பில் விட்டார். அதை எங்களுக்குச் சொன்ன இரவில் அவர் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். இந்த நாட்டில் அவருடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் கரை இடியாமல் இருப்பதற்காகக் கோரையும் சிறு செடிகளும் நட்டார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு நாடா. “நூற்றிச்சொச்சம் பேருக்குக் காப்புக் கட்டிப்போட்டு வாறன் சம்பந்தி. இனிப் பனி முடியுமட்டும் அவை விரதம்” என்று சாப்பாட்டு மேசையில் சிரித்தார். சொச்சம் எவ்வளவு என்று நான் கேட்டேன். அது மட்டும்தான் கேட்டேன். எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்கவில்லை.

பனி முடிந்த பிறகு ஒரு பெரிய வேலைநாள் வந்தது. “எங்கட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறன்” என்று சம்பந்தி ரீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் கட்டடத்தில் இருந்து ஏழு பேரைச் சேர்த்தார், நான் எட்டாவது. காலையில் போய் இறங்கினோம். ரீச்சர் புதுக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்குத்தான் வருவார். சம்பந்தி சருகு வாரும் ரேக் ஒன்றைக் கையில் எடுத்தபடி, “நீங்கள் சொல்லுங்கோ சம்பந்தி, எங்க துவங்குவம்?” என்று என்னிடம் கேட்டார்.

அது மரியாதைக்குக் கேட்ட கேள்வி. மாப்பிள்ளையின் தகப்பன் நிற்கும் இடத்தில் பெண்ணின் தகப்பன் தானாக வேலை ஏவமாட்டார். கேட்டது மரியாதைக்கு என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் பதில் சொன்னேன்.

கரையைப் பார்த்தேன். காய்ந்த புல், செத்த குச்சிகள், பாதி அறுந்து காற்றில் ஆடும் பிளாஸ்ரிக் துண்டுகள். எங்களுக்குத் துப்புரவு என்றால் மண் தெரிய வேண்டும். ஊரில் எல்லோரும் கூடிச் சிரமதானம் என்று போனால் பற்றையில் ஒரு வேர் மிஞ்ச விடுவோமா? முதலில் நாடாக்களைப் பொறுக்கச் சொன்னேன். பிறகு கரையை அடியோடு செருக்கி வழிக்கச் சொன்னேன்.

“சம்பந்தி, உந்தக் கரையைக் கொஞ்சம் விட்டுவைப்பமோ எண்டு பாக்கிறன். ரீச்சரும் வந்தாப் பிறகு...”

“அவ வரேக்கை வேலை முடிஞ்சிருக்க வேணும். அப்பதானே எங்கட ஆக்களின்ர பேர் நிக்கும்.”

மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ரேக்கின் பிடியைப் பார்த்தார். “சம்பந்தி சொன்னால் சரிதான்” என்றார்.

வேலை நன்றாக நடந்தது. மண் அள்ளும் சவளைக் குத்திவிட்டு மூச்சு வாங்கிய ஒருவர், “ஊரில சிரமதானம் எண்டால் காய்ச்சல் எண்டு படுக்கிறனான் அண்ணை. இஞ்ச வந்து வெள்ளைக்காரன்ர வாய்க்காலுக்கு முதுகை முறிக்கிறன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். சம்பந்தியும் சிரித்தார். நான் குப்பைப் பைகளை எண்ணினேன். பதினாலு. ரீச்சர் வான் வண்டியை நிறுத்தி இறங்கியபோது அந்த எண்ணிக்கையை நானே முன்னால் போய் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் பைகளைப் பார்க்கவில்லை. வழித்துத் துடைத்த கரையைத்தான் பார்த்தார். நாடாக்கள் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் சாப்பாட்டு மேசையும் காப்பும் எனக்கு நினைவுக்கு வந்தன. செத்த குச்சிகள் என்று நான் செருக்கச் சொன்னது அவர் காப்புக் கட்டிய செடிகளை. வாய் திறப்பதற்குள் சம்பந்தி முன்னுக்கு வந்து, “நான்தான் சொன்னேன், பிழை என்னுடையது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். எனக்கு ஆங்கிலம் அவரைவிட நன்றாக வரும்.

ரீச்சர் ஏசவில்லை. பைகளைத் திறந்து, வேர் உள்ளவற்றைத் தேடி எடுத்துத் திரும்ப நட்டுப் பார்த்தார்கள். அடுத்த கிழமை பெய்த மழை வெறும் கரையைக் கரைத்தது. இரண்டு கோடை தோண்டிய கால்வாய் அந்தத் துண்டில் திரும்பவும் மண்ணால் நிரம்பியது. கோடை தொடங்கியபோது வளைவு வரைக்குமான பொறுப்பு வேறு ஒருவருக்குப் போனது. சம்பந்தி தொடர்ந்தும் போனார், தேநீர்க் கோப்பைகள் அடுக்கவும் சவள் கழுவவும். என்னை மட்டும் கூப்பிடவில்லை. சனிக்கிழமைகளில் அவர் றபர்ச் சப்பாத்துடன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பல்கனியில் இருந்து பார்ப்பேன். கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருந்தேன். அவர் எப்படிக் கூப்பிடுவார்? கூப்பிட்டால், நான் திருத்த வேண்டிய பிழை ஒன்று உண்டு என்று அவர் சொன்னதாகிவிடும்.

ஒருநாள் லிப்டில் நாங்கள் இருவர் மட்டும். “அண்டைக்கு நான் பேசாமல் நிண்டது...” என்று தொடங்கினேன். “அதை விடுங்கோ சம்பந்தி” என்று மறித்தார். “பிள்ளையளின்ர காதில விழுந்தால் அதுகளுக்குச் சங்கடம்.” நாலாம் மாடி வந்தது. இறங்கிப் போனார். அந்த ஞாயிறு மகன் வீட்டில் வடைத் தட்டு வந்தபோது, வழக்கம்போல முதல் வடையை என் தட்டில்தான் வைத்தார். நான் சாப்பிட்டேன். நல்ல வடை.

குளிர் தொடங்கிய பிறகே அந்தச் சட்டையின் பையில் நாடா இருந்ததைக் கண்டேன். அன்று குப்பைப் பை தூரத்தில் இருந்ததால் கையில் பொறுக்கியதைச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். நாலாம் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அவர் இன்னும் பல வருஷம் இருந்தார். கொடுக்கவில்லை.

சம்பந்தி இப்போது இல்லை. போன வசந்தத்தில், அப்பா வேலை செய்த கால்வாயைக் காட்டுங்கள் என்று மருமகள் கேட்டாள். அவளுடைய காரில் போனோம். தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. நடைபாதை போட்டு, ஆலையின் வரலாற்றை ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கரை முழுக்கக் கோரை, அதனிடையே என் உயரத்துக்குச் சிவந்த தண்டுகளோடு செடிகள். நடைபாலத்தில் நின்று அவள் கேட்டாள்:

“இதில அப்பா நட்டது எது மாமா?”

நான் ஊன்றுதடியை நீட்டி வளைவுப் பக்கம் ஒரு செடியைக் காட்டினேன். எந்த யோசனையும் இல்லாமல் காட்டினேன். கேட்டவுடன் பதில் சொல்லிப் பழகிய கை. அது தடிப்பில்லாத இளஞ்செடி. ஒரு வயதோ இரண்டு வயதோதான் இருக்கும். அவளும் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“மாமா சொன்னால் சரிதான்” என்றாள்.

அதே குரல் என்று சொல்லமாட்டேன். அதே பார்வை, அன்று அவர் ரேக்கின் பிடியைப் பார்த்த பார்வை.

“இல்லைப் பிள்ளை” என்றேன். “சரியில்லை. எனக்குத் தெரியாது. அப்பா நட்டதை எல்லாம் நான்தான் பிடுங்குவிச்சனான். பழியை அவர் ஏற்றவர். நான் பக்கத்தில நிண்டனான்.”

அவள் தண்ணீரின் பக்கம் திரும்பினாள். “அப்பா ஒண்டும் சொல்லேல்லை” என்றாள். பிறகு, “சொல்லியும் இருக்கமாட்டார்” என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாடாவை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஏதாவது ஒன்றில் கட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அதை இரண்டு விரலால் நீவிப் பார்த்துவிட்டு என் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

“இஞ்ச கட்டினால் ஆரும் குப்பை எண்டு எடுத்துப்போடுவினம் மாமா. உங்களிட்டையே இருக்கட்டும்.”

இருக்கிறது.