அடுப்புக்கு மேலே ஒரு நூலகம்

தொடக்கப் பள்ளியில் நூலகப் பொறுப்பு என்றால், பிள்ளைகளிடமிருந்து புத்தகங்களைக் காப்பாற்றுகிற வேலை என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். "நீங்கதானே டீச்சர் சின்னவங்க, இதையும் பார்த்துக்கோங்க" என்று யார் யார் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டினார்களோ, அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது புரியும். ஒரு பீரோ, ஒரு சாவி, ஒரு இருப்புப் பதிவேடு. புத்தகம் கிழிந்தால் நாம் பதில் சொல்ல வேண்டும். யாரும் தொடாமலே கிடந்தால் ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அப்புறம் எந்த டீச்சர் எடுத்துக் கொடுப்பார், நீங்களே சொல்லுங்கள்!

நான் முசிறிப் பக்கத்துக்காரி. மலை மேல் வாசலூர்பட்டியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்னப் பள்ளிக்கு மாறுதலில் வந்தவள். முதல் நாள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டும் மீதியை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டும் கடந்தேன். பள்ளியில் தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி, காலை உணவு சமைக்கிற பாப்பாத்தி அக்கா, முப்பத்தைந்து பிள்ளைகள். அவ்வளவுதான் ராஜ்ஜியம்.

ஆபீசர் வந்தால் திறப்பது

நான் சேர்ந்த மாதமே கல்வி அதிகாரி அம்மா பார்வையிட வந்துவிட்டார். பீரோவைத் திறந்து காட்டினோம். மேல் இரண்டு தட்டு நிறையப் புதுப் புத்தகங்கள், வழவழவென்று, படம் படமாக. அதிகாரி ஒன்றை எடுத்து விரித்தார். அது அதுவரைக்கும் விரிக்கப்படவே இல்லை என்பதற்குச் சாட்சியாக மொறுமொறுவென்று சத்தம் போட்டது. நாலாம் வகுப்பு தர்ஷினியைக் கூப்பிட்டு, "இதுல நீ எதெல்லாம் படிச்சிருக்கே கண்ணு?" என்று கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒளிவுமறைவே இல்லாமல், "அது ஆபீசருங்க வந்தாத் தொறக்கறதுங்க" என்றாள். தலைமையாசிரியருக்கு முகம் செத்துப்போனது.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பொங்கல் கழிச்சு மறுபடி வருவேன். அதுக்குள்ள பிள்ளைங்க படிச்சிருக்கணும். புத்தகமும் நல்லபடியா இருக்கணும். இல்லேன்னா எல்லாத்தையும் நடுநிலைப் பள்ளிக்கு எடுத்துட்டுப் போயிடறேன். அங்கே கேட்டு நிக்கிற பிள்ளைங்க நிறைய இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சொன்னதைச் செய்கிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஜீப் வளைவில் மறைந்ததும் தர்ஷினி என் புடவைத் தலைப்பைத் தொட்டாள்.

"டீச்சர், அவங்க எடுத்துட்டுப் போறதுக்குள்ள அந்த யானை புஸ்தகத்தை மட்டும் ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கலாமுங்களா?"

என் மூளையே மூளை

பிள்ளைகள் படிக்கவும் வேண்டும், புத்தகம் புதுசாகவும் இருக்க வேண்டும். ராத்திரி பகலாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கீழ்த்தட்டில் கிடந்த பழைய புத்தகங்களை வீட்டுக்குக் கொடுப்பது, மேல்தட்டுப் புதுப் புத்தகங்களைப் பூட்டியே வைத்து அதிகாரிக்குக் காட்டுவது. யானைப் புத்தகமும் பூட்டுக்குள்தான். "பொங்கல் கழிஞ்சு தர்றேன்டா" என்று தர்ஷினியிடம் சொன்னேன். அவள் சரி என்றுதான் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமை கொடுத்த புத்தகங்கள் திங்கட்கிழமை வந்தன. ஒவ்வொன்றிலும் அடுப்புப் புகை வாசம்! ஓரமெல்லாம் டீத்தூள் நிறம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புத்தகத்தையா அடுப்பெரிக்க வெச்சீங்க?" என்று கத்தினேன். தர்ஷினியின் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினேன். மரவள்ளிக் காட்டிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தவர், வகுப்புக்கு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். ஊட்டில் எலி வராத, ஈரம் ஏறாத, பூச்சி அண்டாத இடம் அடுப்புக்கு மேலே இருக்கிற பரண் ஒன்றுதானாம். புகை படுவதால் அங்கே வைத்தது எதுவும் கெடாதாம். நான் விடவில்லை. "இனிமே அங்கே வைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"வெதைக்கு வெச்ச சாமையைத் தள்ளி வெச்சுப்போட்டு அந்த எடத்துலதானுங்க டீச்சர் உங்க புஸ்தகத்தை வெச்சேன்."

கடைசிப் பக்கம்

மூன்றாம் வகுப்பு கவின் திருப்பிக் கொண்டுவந்த புத்தகத்தில் கடைசிப் பக்கம் இல்லை. கிழிசல் நேர்த்தியாக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கிழித்திருக்கிறான் படவா! நான் வாயைத் திறப்பதற்குள் அவனே டவுசர் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த அந்தப் பக்கத்தை எடுத்து மேசை மேல் வைத்தான்.

அது காட்டுக்குள் போன ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. போனது திரும்பி வராது. கவினுக்கு அங்கன்வாடி போகிற தங்கச்சி ஒன்று உண்டு. அதற்கு இவன் கதை படித்துக் காட்டுகிறான். கடைசிப் பக்கம் வந்ததும் அது அழுது ஊரைக் கூட்டுகிறதாம். ஒன்பது வயசுப் பையன் சொல்லச் சொல்ல நான் பசை டப்பாவைத் தேடி எடுத்தேன். பக்கத்தைத் திரும்ப ஒட்டினேன், வேறென்ன செய்ய. அடுத்த வாரமும் அதே புத்தகத்தைக் கேட்டான். எப்படிச் சமாளிப்பாய் என்றேன்.

"அந்தப் பக்கத்துல கையை வெச்சு மறைச்சுக்கிட்டு, ஆடு ஊட்டுக்கு வந்துருச்சுன்னு படிச்சுருவேனுங்க டீச்சர்."

பஸ்ஸில் விட்டது

பிள்ளைகளை இவ்வளவு அதட்டுகிறேனே, புத்தகம் தொலைத்த முதல் ஆள் யார் தெரியுமா? நான்தான். அட்டை பிய்ந்த ஒரு கதைப் புத்தகத்தை ஒட்டி எடுத்து வரலாம் என்று சோளக்காடு என்கிற ஊரில் நான் குடியிருக்கும் அறைக்குக் கொண்டுபோனேன். இறங்குகிற அவசரத்தில் பஸ் சீட்டிலேயே விட்டுவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளை தொலைத்திருந்தால் நான் போட்டிருக்கிற ஆட்டத்தை நினைத்து நினைத்து வெட்கப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார். அட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஆனால் உடனே கையில் தரவில்லை. பஸ் நிற்கிற நேரத்திலெல்லாம் டிரைவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாராம்.

"இன்னும் நாலு பக்கம் இருக்குதுங்க டீச்சர், மேல போயி எறங்கறப்ப வாங்கிக்கோங்க, அந்த முயலு என்னாச்சுன்னு தெரியாம டிரைவர் அண்ணன் வண்டி எடுக்க மாட்டேங்கறாரு."

பாப்பாத்தி அக்கா செய்த திருட்டு

ஐப்பசியில் எனக்கு நாமக்கல்லில் ஐந்து நாள் பயிற்சி. பள்ளிச் சாவிக்கொத்தைப் பாப்பாத்தி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பீரோ சாவியும் அதில்தான் இருந்தது. நான் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டால் பனி, பனி விலகினால் மழை. பாதி நாள் பள்ளியே நடக்கவில்லை. திறந்தால் ஈரம் உள்ளே போய்விடும் என்று பீரோவைத் தொடாமல் கண்ணும் கருத்துமாகக் காத்தேன்.

மார்கழியில் வெயில் தலைகாட்டிய ஒரு நாள் திறந்தேன். குப்பென்று வாடை. சுவரில் கசிந்த தண்ணீர் பீரோவின் முதுகு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. வழவழப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்துக் கிடந்தன. பிரிக்கப் பார்த்தால் படம் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக உரிந்து வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதிகாரிக்கு எதைக் காட்டுவேன்? அதை விடுங்கள், தொடக்கூட விடாமல் பத்திரப்படுத்தினேனே, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வேன்? யானைப் புத்தகம் எந்தக் கட்டியில் இருக்கிறது என்று தேடினேன். காணோம். எண்ணிப் பார்த்தால் புதுப் புத்தகங்களில் பாதிக்கு மேல் காணோம்.

பாப்பாத்தி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் பயிற்சிக்குப் போன நாட்களில் பிள்ளைகள் பீரோ முன்னால் வந்து வந்து நின்றார்களாம். எடுத்துக் கொடுத்துவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எது யார் வீட்டில் என்று அட்டைப் படத்தை வைத்தே கடகடவென்று சொன்னார். யானை தர்ஷினி ஊட்டில், மயில் கவின் ஊட்டில், மஞ்சள் பஸ் கடைசி ஊட்டில் என்று ஒன்றைக்கூட விடவில்லை. நான் எழுந்து நின்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என்ன நினைத்தாரோ, என் கையை விலக்கிவிட்டுச் சொன்னார்.

"திட்டறதுன்னா என்னையத் திட்டிக்கோங்க டீச்சர், புள்ளைங்களை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

வசூல்

மறுநாளே பாப்பாத்தி அக்காவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே இடம்தான். நான் கண்டிப்பாகத் தடை போட்ட அதே பரண். சாமை மூட்டைக்கும் மிளகுப் பைக்கும் நடுவில் துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஓரம் பழுத்திருந்தது, புகை வாசம் தூக்கியது. ஆனால் ஒரு பக்கம் ஒட்டவில்லை, ஒரு பூச்சி அரிக்கவில்லை. என் பேச்சைக் கேட்காத அத்தனை பேருக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

கடைசி வீட்டில் மட்டும் அந்த வீட்டம்மா புத்தகத்தைக் கொடுக்கத் தயங்கினார். மகன் படித்துவிட்டான், இவரும் படங்களைப் பார்த்துவிட்டார். பிரச்சினை வேறு.

"நாளைக்கழிச்சு வாங்க டீச்சர், எங்க ஊட்டுக்காரரு எழுத்துக்கூட்டிப் படிக்கறாருங்க, இன்னும் பாதி பாக்கி கெடக்குது."

பொங்கல் கழிந்து

அதிகாரி சொன்னபடியே வந்தார். பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தோம். பழுப்புப் பழுப்பாகக் கிடந்தன. பீரோவில் செத்ததையும் ஒளிக்காமல் ஒரு சாக்கில் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பீரோவில் நடந்ததையும் பரணில் நடந்ததையும் ஒப்புக்கொண்டேன். தலைமையாசிரியர் சாமியைக் கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அதிகாரி யானைப் புத்தகத்தை எடுத்து விரித்தார். மொறுமொறுப்புச் சத்தம் வரவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். "படிக்கிறியா?" என்று தர்ஷினியிடம் நீட்டினார். அவள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். சரியான இடத்தில் பக்கத்தை மட்டும் திருப்பினாள். மனப்பாடமோ என்று சந்தேகப்பட்டு அதிகாரி மயில் புத்தகத்தைக் கொடுத்தார். அதைப் பார்த்துத் தடுமாறாமல் படித்தாள். கவின் ஆட்டுக்குட்டிக் கதையை எடுத்து, தங்கச்சிக்குச் சொல்கிற முடிவைச் சொன்னான். "இங்கே நூலகர் யாரு?" என்று அதிகாரி கேட்டார். நான் பாப்பாத்தி அக்காவைப் பிடித்து முன்னால் தள்ளினேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதிகாரி குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தார். எடுத்துக்கொண்டு போகிறாரா, விட்டுவிட்டுப் போகிறாரா? தர்ஷினி யானைப் புத்தகத்தை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. அதிகாரி அவளையும் பார்த்தார், சாக்கையும் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போகலாம்தான் டீச்சர், ஆனா அந்த நடுநிலைப் பள்ளியில பரண் இல்லையே."

---

இப்போது அந்தப் பீரோவில் என் குடையும் மழைக்கோட்டும் பூட்டி வைக்கப்பட்டு மிகப் பத்திரமாக இருக்கின்றன. புத்தகங்களை மட்டும் முப்பத்தைந்து பிள்ளைகள் என்னிடமிருந்து காப்பாற்றிவருகிறார்கள், நன்றாக இருக்கட்டும் அவர்கள்.