பலகையை வாசித்தவன்

அன்று டிஸ்பென்சரி வாசலில் அம்மா இருந்தார், அக்கா இருந்தாள், கைவண்டியில் அத்தான் கிடந்தார், வண்டியைத் தள்ளி வந்த நான் இருந்தேன். அப்பா இல்லை. நெல் வயலில் அரிவி வெட்டுக்குத் தம்பலகாமம் போயிருந்தார். வீட்டில் இருந்த காசும் அவர் மடியோடு போயிருந்தது.

கரைவலை இழுக்கும்போது அத்தானின் கெண்டைக்காலில் திருக்கை முள் ஏறி, உள்ளேயே ஒடிந்துவிட்டது. அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் அது குடாவுக்கு அப்பால், பட்டணத்தில். அடுத்த லோஞ்ச் படகு பின்னேரம்தான். காலோ முழங்கால்வரை வீங்கிக் கறுத்துக்கொண்டு வந்தது.

வாசலில் ஒரு பலகை: "முதலில் கட்டணம். பிறகு வைத்தியம்." எங்கள் குடும்பத்தில் அதை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். வாசித்தேன். வண்டியை நிறுத்தினேன்.

"என்ன மச்சான், ஏன் நிண்டிட்டீர்?" என்றார் அத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"காசு கட்டினாத்தான் பாப்பினமாம், அத்தான். பலகையில போட்டிருக்கு."

"படிச்சவன் சொன்னாச் சரிதான். நான் இதிலயே கிடந்து சாகிறன், நீர் இன்னொருக்கா வடிவா வாசியும்."

எழுதியிருப்பதை நம்பத்தான் பள்ளிக்கூடம் எனக்குப் பழக்கியிருந்தது. அவர்களைப் பூவரச மர நிழலில் விட்டுவிட்டு மீன் முதலாளியின் வாடிக் கொட்டிலுக்கு ஓடினேன். மீன் நிறுத்து முடியுமட்டும் என்னை நிற்கவைத்துவிட்டுத்தான் அவர் பத்து ரூபாய் கடன் தந்தார்.

திரும்பி வந்தால் நிழலில் வெறும் வண்டி. உள்ளே ஓடினேன். கட்டுப் போட்ட காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு அத்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கோப்பையில் அந்த முள் கிடந்தது.

"நீ போன கையோட அம்மா உள்ள போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டா," என்றாள் அக்கா.

"பலகையில..."

"எனக்கென்ன தெரியும் பலகை? கதவு திறந்துதானே கிடந்தது," என்றார் அம்மா.

அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

"அப்ப அந்தப் பலகை ஏன் ஐயா?"

டொக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "தம்பி, மருந்து எனக்குக் காசுக்குத்தான் வருது. வசதியானவை 'நாளைக்குத் தாறம்' எண்டு போனா அலுமாரி வெறுமையாப்போம். பலகை அவைக்கு. முள்ளோட வந்தவனிட்ட ஆர் காசு கேப்பான்?"

"அவை பலகையைப் பாத்துத் திரும்பமாட்டினம், ஐயா. இல்லாதவன்தான் திரும்புவான். நான் திரும்பினனான்."

அவர் கையைத் துடைத்தார். "அதை நான் யோசிக்கேல்ல," என்றார்.

காசு கேட்பது பிழை என்று இன்றும் சொல்ல எனக்கு ஏலாது. ஆனால் கேட்கிற மனிதன் எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்க்கிறான், பலகை பார்ப்பதில்லை.

பத்து ரூபாயை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். முதலாளி அதற்கும் ஐம்பது சதம் வட்டி கேட்டு, அப்பா திரும்பி வந்ததும் வாங்கினார். "அது மச்சான் பலகை வாசிச்ச கூலி," என்றார் அத்தான். கால் ஆறித் திரும்பக் கடலுக்குப் போய், முதல் பிடி மீன் விற்ற காசில் டொக்டருக்கு ஐந்து ரூபாய் கொடுத்தார்.

அந்த முள்ளுக்கு ஆன செலவு எல்லாமாக ஐந்து ரூபாய் ஐம்பது சதம்.