அலுமாரிக்குப் பதிலாக ஒரு மெஷின்

மகளின் கலியாணத்துக்கென்று, கண்டக்குழியில் கருவாடு விற்று ஐந்து வருடமாகக் காசு சேர்த்தேன். முன்பென்றால் அதில் கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை என்று முழு செட்டையும் எடுத்து, ஒரு தையல் மெஷினும் வாங்கியிருக்கலாம். விலைவாசி ஏறிய ஏற்றத்தில் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும் என்றாகிவிட்டது.

ஊர்ப் பெண்கள் உடுக்கும் அபாயா அங்கி தைக்கப் பழகியிருந்த மகளிடமே கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"மோட்டர் மெஷின்தான் வேணும் உம்மா. அலுமாரி அபாயா தைக்குமா?"

செய்தி மாப்பிள்ளையின் தாய்க்கு எட்டியது. அடுத்த நாளே வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"செட் இல்லாம பொண்ண அனுப்பினா ஊர் என்ன கதைக்கும்? எங்கட மானம் என்னாகிற?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் குனியத் தோன்றவில்லை.

"ஊர் கதைக்கட்டும். செட் கேட்டு கலியாணம் பேசல்லியே நாம. வெயில்ல கருவாடு காயப் போட்டவள் நான். இந்தக் காசுக்கு என்ன வாங்குறண்டு நான்தான் முடிவெடுப்பன்."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் மகளோடு புத்தளம் டவுனுக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். தைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்போம்; அப்படியே அழைத்து மறுத்தார்.

"பெட்டிய ஒடைக்க ஏலா தாத்தா. புதுச் சாமான், நம்பி எடுங்க."

"நம்பிக்கைக்கு நான் காசு தரல்ல. மெஷினுக்குத்தான் தாரன். ஏலாட்டி சொல்லுங்க, அடுத்த கடைக்குப் போறம்."

வாசல்படி இறங்கும்போது கூப்பிட்டார். மகள் கையோடு கொண்டுவந்த கறுப்புத் துணியை ஓட்டிப் பார்த்தாள். முதல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் முணுமுணுத்தபடி இரண்டாவது பெட்டியை உடைத்தார். அது ஓடியது.

கலியாணம் நடந்தது. மெஷின் லொறியில் ஏறியபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சம்மந்தி மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பெருநாள் நெருங்கியபோது மகள் வீட்டு முற்றத்தில் துணியோடு பெண்கள் காத்திருந்தார்கள். அவளது உடுப்புகள் இன்னும் சூட்கேஸில்தான் கிடக்கின்றன. அலுமாரியை, தேவைப்பட்டால், அவளே தன் உழைப்பில் வாங்குவாள். வாங்காமலும் விடுவாள். அது அவளுடைய முடிவு.